ஒற்றைப் பெண்குதிரை

மாத்திரை இலவசம்தான், அதில் யாருக்கும் சண்டை இல்லை. கிர்கிஸ் மலையடிவாரத்தின் கடைசி ஊர்வரை கொண்டுவந்து, நர்ஸ் துர்சுனாயின் கண்முன் விழுங்கச் சொல்கிறார்கள். ஆனால் நர்ஸ் இருப்பது ஊரில், ஆடு மேய்வது மலையில். புர்மகானின் கணவன் மாம்பெத்துக்கோ நெஞ்சில் காசநோய், பிழைப்புக்கு ஊரார் ஆடுகள். பனி உருகியதும் அவன் ஆடுகளோடு ஏறாவிட்டால், அந்த இடத்தில் வேறொருவன் ஏறிவிடுவான்.

ஏறுவதற்கு முன் புர்மகான் நர்ஸிடம் போய் நின்றாள்.

"மொத்தமாக் குடுத்துடு தாயி, புண்ணியமாப் போகும்."

"சட்டத்துல இடமில்லக்கா. ஒரு வாரத்துக்குன்னா கண்ண மூடிக்கிட்டுத் தர்றேன். வாராவாரம் நீ எறங்கி வரணும். நடுவுல மட்டும் விட்டுடாத. விட்டா அப்புறம் இந்த மாத்திரைக்கு அது அடங்காது."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். மலையில்தான் சிக்கல் தெரிந்தது. அவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு பெண்குதிரை, குட்டி போட்டுப் பால் கறக்கிற குதிரை. பகல் முழுக்க விட்டு விட்டுக் கறந்தால்தான் அதற்குப் பால் வற்றாமல் இருக்கும். அந்தப் பாலைத் தோல்பையில் ஊற்றிப் புளிக்க வைத்தால் குமிஸ். நெஞ்சுக்கு நல்லது என்று நகரத்துக்காரர்கள் காரை நிறுத்தி அதை வாங்குவார்கள். மாவும் தேயிலையும் அந்தக் காசில்தான் வந்தன.

அதே குதிரையில்தான் அவள் ஊருக்கு இறங்கவும் வேண்டும். இறங்க ஒரு நாள், ஏற ஒரு நாள். பக்கத்துக் கூடாரத்தில் குதிரை இரவல் கேட்டால் எதற்கு என்பார்கள். விஷயம் தெரிந்தால் இவர்கள் கிண்ணத்தை எவனும் கையால் தொடமாட்டான்.

முதலில் சில வாரங்கள் ஒழுங்காகத்தான் போய்வந்தாள். ஒவ்வொரு முறையும் குதிரையின் மடி வற்றிக்கொண்டே வந்தது.

"உன் மாத்திரையால ரெண்டு நாள் யாவாரம் போச்சு, வயித்தையும் பிசையுது," என்றான் மாம்பெத். "என்னப் பாரு. கன்னம் ஒட்டிக் கெடந்தவன் எப்படித் தேறிட்டேன்! இருமுறேனா?"

"இல்லைங்க."

"டவுன்காரன் காசு குடுத்து வாங்குற மருந்து நம்ம தோல்பையில கெடக்கு. நீ மருந்துக்கு மலை எறங்குற. எவனாவது கேட்டாச் சிரிப்பான்டி."

"நர்ஸு அவ்வளவு தூரம் சொல்லிச்சே..."

"அது நேத்துப் பொறந்த புள்ள. எங்கப்பன் காலத்துல காசம் வந்தவனெல்லாம் குமிஸ் குடிச்சுத்தான் எந்திரிச்சான்."

"எந்திரிக்காதவங்கள உங்கப்பாரு கணக்குல சேக்கலையாக்கும்?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாவுப் பையைத் தட்டினால் தூசுதான் பறந்தது, அவனோ உண்மையிலேயே இருமவில்லை. அவளைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? அந்த வாரம் அவள் இறங்கவில்லை. அடுத்த வாரமும் இறங்கவில்லை. குதிரைக்கு மடி நிறைந்தது, குமிஸும் நன்றாக விற்றது.

ஆடுகளை ஊருக்குத் திருப்பி ஓட்டிவரும்போதே இருமல் திரும்பிவிட்டது. கைக்குட்டையில் ரத்தம் வந்தது. துர்சுனாய் சளியைப் பரிசோதனைக்கு அனுப்பினாள். முடிவு வந்த அன்று அவள் திட்டக்கூட இல்லை.

"பழைய மாத்திரை இனிமே கேக்காதுக்கா. தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். ரொம்ப மாசம் ஆகும். அங்கயும் மருந்து இலவசம்தான்."

"மருந்து இலவசம் தாயி. போற வண்டி? நான் கூட இருந்து பாக்க, திங்க? குளிருக்கு வீட்டுல கரி?"

துர்சுனாயிடம் கொடுக்க மாத்திரை மட்டும்தான் இருந்தது, இப்போது அதுவும் இல்லை.

குதிரையை விற்பது என்று முடிவாயிற்று. நகரத்திலிருந்து ஒருவர் வந்தார், நல்ல மனுஷர். பல்லைப் பார்த்தார், மடியை அமுக்கிப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"என் வீட்டுக்காரிக்கு நெஞ்சுல காசநோய்ம்மா. ஆஸ்பத்திரி மாத்திரை ஒத்துக்கலைங்கிறா. அத நிறுத்திட்டு குமிஸ் குடுக்கலாம்னு பாக்குறேன். கேக்குமா?"

வீட்டுக்குள் மாம்பெத் தலையணையில் வாயை அழுத்திக்கொண்டு இருமுவது அவள் காதில் விழுந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த மனுஷர் குதிரையை வாங்காமல் போய்விடுவார். மாம்பெத் ஏற வேண்டிய தலைநகரத்து வண்டி விடிந்தால் கிளம்புகிறது. வேறு ஆள் வரப்போவதில்லை.

"கேக்கும்ணே," என்றாள். "எங்க மலைப் புல்லு தின்ன குதிர. நல்லாவே கேக்கும்."

அவர் முகம் மலர்ந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். குட்டியும் தாயின் பின்னாலேயே போயிற்று.