மண்டியிட்ட அலுவலகம்

1991ஆம் ஆண்டு ஜூலை ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை விடியலில், சலேதாவா நகரத்துப் பாலங்கள் அலுவலகம் நான்கு மைல் நடந்து வந்து, வைதோலு ஊரில் மலாக்கியின் வீட்டுக்கு முன்னே மண்டியிட்டது. அது நடந்து வந்ததைப் பற்றி எவருக்கும் குறையில்லை. ஒன்பது ஆண்டு தாமதித்து வந்தது என்பதே குறை. வாங்கிய விளக்குமாறுகளைக்கூட விடாமல் குறிப்பிடும் அவ்வலுவலகத்தின் ஆண்டறிக்கை, இதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை என்பது அதனினும் பெரிய குறை.

மலாக்கியின் மனைவி பெனினா, 1982இல் சேப்பங்கிழங்குக் கூடையோடு ஆற்றைக் கடக்கையில், அவ்வலுவலகம் கட்டி நான்கே மாதமான பாலம் இடிந்து இறந்தாள். இவ்வூர்கள் இருக்கும் சவாயித் தீவில் ஒருவர் கையால் ஓர் உயிர் போனால், போக்கியவரின் குடும்பத்தார் விடியுமுன் வந்து, இறந்தவரின் வீட்டுக்கு முன்னே நுண்ணிய தாழைப்பாயைப் போர்த்திக்கொண்டு குனிந்து அமர்வார்கள். வீட்டுக்காரர் பாயை விலக்கினால் பகை தீர்ந்தது. விலக்கும்வரை வெயிலானாலும் மழையானாலும் எழக்கூடாது. இஃபோங்கா என்னும் இம்முறைக்காகவே மலாக்கி நாள்தோறும் வைகறையில் எழுந்து, சாலைப் பக்கத்து ஓலைத் தட்டிகளைச் சுருட்டிக் கட்டிவிட்டுக் காத்திருந்தார். கதிர் ஏறியபின் தோட்டத்துக்குப் போனார். இடையில் அவ்வலுவலகத்துக்குப் பதினொரு மனு எழுதினார். பதினொன்றுக்கும் மறுமொழி வந்தது. மழை மிகுதி என்றது ஒன்று. பாலத்துக்கு ஒப்பமிட்ட அலுவலர் இன்னாரென அறியக்கூடவில்லை என்றது மற்றொன்று. பாலம் இடிந்தமைக்கு எவரும் பொறுப்பல்லர் என்றது கடைசிக் கடிதம். எவரும் பொறுப்பல்லாத ஒரு சாவை எப்படி மன்னிப்பது என்பது மலாக்கிக்கு விளங்கவில்லை. மன்னிக்காமல் சாகவும் அவர் விரும்பவில்லை. அறுபத்தெட்டு வயதாகியிருந்தது, அவ்வாண்டு முதல் மூச்சிரைப்பும் சேர்ந்துகொண்டது.

ஊர்ச் சபையின் பேச்சாளர் ஃபுயாவா, வைகறையில் மீன்பிடிக்கப் போகும்போதெல்லாம் அவரைச் சீண்டுவார்.

"அண்ணே, கவர்மெண்டுக்கு முழங்கால் கிடையாது. எதை மடக்கி உக்காரும்?"

"கடுதாசி எழுதக் கை மட்டும் இருக்காக்கும்?" என்பார் மலாக்கி.

முழங்கால் இருந்தது. அலுவலகம் விதிப்படி நெடுஞ்சாலையின் வலப்பக்கமாகவே வந்தது. வைதோலு மதகருகே முதல் மரப்பேருந்துக்கு ஒதுங்கி வழிவிட்டது. மலாக்கியின் முற்றத்தில் இருந்த பெனினாவின் கல்லறைக்கு ஆறடி முன்னால் நின்று, முன்வரிசைத் தூண்கள் நான்கையும் மடக்கி, தாழ்வாரம் தரையில் படியக் குனிந்தது. சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்தது. கண்ணாடி ஒன்றும் உடையவில்லை. ஊழியர்கள் எட்டு மணிக்கு நகரத்தில் வெற்று மனையையும் தண்ணீர்த் தொட்டியையும் கண்டு, விசாரித்து, பேருந்தேறி வைதோலுவுக்கு வந்து, சாய்ந்த மேசையில் வருகைப் பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு கையொப்பமிட்டார்கள். எழுவரும் அன்று தாமதம் எனக் குறிக்கப்பட்டார்கள். தலைமைப் பொறியாளர் எலியாசர், இது மண்சரிவே என்று கூடியிருந்தவர்களுக்கு விளக்கினார். நான்கு மைல் நீளத்துக்கா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் கழுத்துப்பட்டை கட்டியிருந்தார்.

சிக்கல் வேறிடத்தில் எழுந்தது. அலுவலகம் பாயில்லாமல் வந்திருந்தது. அரசுக்குப் பாய் முடையும் பெண்கள் இல்லை. தகரக் கூரை பாயாகாது என்று ஊர்ச் சபை இரண்டு மணி நேரம் ஆராய்ந்து முடிவு செய்தது. நண்பகலுக்குள் பாய் வராவிடில் அலுவலகத்தைத் திருப்பி அனுப்பவேண்டும் என்றும் தீர்மானித்தது. மலாக்கி சபையை மறுத்துப் பேசவில்லை. ஆனால் அலுவலகம் எழுந்து போய்விட்டால் அது மறுபடி வருமென்பதற்கு உறுதியில்லை.

பதினொன்றரை மணிப் பேருந்தில் தட்டச்சர் மரேத்தா திரும்பி வந்தாள். பதிவேட்டில் கையொப்பமிட்டவுடனே அவள் காணாமற்போனதை எவரும் கவனித்திருக்கவில்லை. அவள் தாய் ஆறாண்டு முடைந்து அவள் திருமணத்துக்கென வைத்திருந்த தாழைப்பாய் அவள் கையில் இருந்தது. தாழ்வாரத்தருகே தரையில் அமர்ந்து அதைப் போர்த்திக்கொண்டாள். மலாக்கி எழுந்து அவளருகே போனார்.

"எந்திரிம்மா. பாலத்தைக் கட்டுனது நீயில்லையே."

"கடுதாசி அடிச்சது நான்தான், பெரியப்பா. பதினொண்ணும் நான் அடிச்சதுதான்."

"சொன்னதத்தானே அடிச்சே?"

"சொன்னாங்க, அடிச்சேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்."

மலாக்கி பாயின் நீள அகலத்தைக் கண்ணால் அளந்தார். பிறகு தாழ்வாரத்தில் நின்ற மற்றவர்களைப் பார்த்தார். "பாய் பெருசாத்தான் இருக்கு. சொன்னவங்களும் உள்ள வரலாம்."

முதலில் எழுத்தர் இருவர் வந்தனர். பின்னர் வரைவாளர், ஓட்டுநர், காவலாளி. பாயின் அளவு எட்டடிக்கு ஐந்தடி. எத்தனை பேர் புகுந்தாலும் அது போதியதாகவே இருந்தது. எஞ்சிய விளிம்பு தாழ்வாரத்தையும் முன்சுவரையும் கூரையின் பாதியையும் மூடிற்று. கடைசியாக எலியாசர் வந்தார். ஒரு மணி நேரம் வெயில் காய்ந்தது. கோழிகள் பாயின்மேல் நடந்தன. பாய்க்குள்ளிருந்து எலியாசரின் குரல், பலரும் கேட்கும்படி, ஏற்ற இறக்கமின்றி வந்தது.

"சிமெண்டு பாதிதான் போட்டிருக்காங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன்."

மலாக்கி, கல்லறையின் மேல் உதிர்ந்து கிடந்த சுண்ணாம்பைத் துடைத்துவிட்டு வந்து, பாயை விலக்கினார். எழுவருக்கும் தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலையும் சுட்ட ஈரப்பலாவும் பரிமாறப்பட்டன. எலியாசர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார் என்கிறார்கள். நீதிமன்றத்திலும் அவர் அதே சொற்களைச் சொன்னார். பதினெட்டு மாதச் சிறை விதிக்கப்பட்டு, இஃபோங்காவைக் கருதி ஆறு மாதமாகக் குறைக்கப்பட்டது. மலாக்கி, முறைப்படி தமக்கு உரியதாகிவிட்ட பாயை மரேத்தாவின் திருமணத்துக்குத் தாமே தூக்கிச் சென்று கொடுத்தார். அதற்கடுத்த ஆண்டு, தட்டிகளை இறக்கிவிட்டு நன்றாக உறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் காலமானார்.

அலுவலகம் எழவில்லை. மலாக்கி எழச் சொன்னார், ஊர்ச் சபையும் சொன்னது. அது அப்படியே இருந்துவிட்டது. மேசைக்கால்களை ஒருபுறம் அறுத்துச் சமன்செய்து அங்கேயே அலுவல் நடக்கிறது. வாசற்படியின் மேற்கட்டை நெஞ்சளவு உயரத்தில் இருப்பதால் உள்ளே செல்வோர் இடுப்பை வளைத்தே செல்லவேண்டும். அமைச்சர்களும் அவ்வாறே சென்றார்கள். அன்றுமுதல் அவ்வட்டத்தில் கட்டிய பாலங்கள் பதினான்கும் நிற்கின்றன.

இப்போது புதிய இயக்குநர், வெளிநாட்டு விருந்தினர் குனிவது நாட்டுக்கு இழுக்கு என்று கூறி, பளுதூக்கும் எந்திரங்களைக் கொண்டு கட்டடத்தை நிமிர்த்தப் போவதாக அறிவித்திருக்கிறார். மறுப்புத் தெரிவிக்க முப்பது நாள் தந்திருக்கிறார். அவற்றுள் ஒன்பது கழிந்துவிட்டன. இதைப் படிப்பவரே, அனுதாபப்பட்டு இத்தாளை மடித்து வைத்துவிடாதீர். வைதோலுவுக்குப் பேருந்து நாள்தோறும் மூன்று முறை வருகிறது. வந்து அந்த வாசலில் ஒருமுறை நுழைந்து பாரும். பார்த்துவிட்டு, அங்கேயே அமர்ந்து உம்முடைய மறுப்பை எழுதிக் கொடுத்துவிட்டுப் போம்.