எல்லாவற்றுக்கும் சரி போட்ட கால்குலேட்டர்

கணக்கு மிஸ்ஸிடம் அக்கா சண்டைக்குப் போனது நாலு பேருக்குத் தெரிந்த கதை. தங்கையின் விடைத்தாள் முழுக்கச் சிவப்பு மை. அதே வரிகளை வீட்டில் கால்குலேட்டரில் தட்டினால் ஒவ்வொன்றுக்கும் 'சரி' என்று வருகிறது. சும்மா கூட்டிக் கழிக்கிற கால்குலேட்டரும் இல்லை அது. எக்ஸ், ஒய் போட்ட கணக்கைப் போடும், வரைபடம் வரைந்து காட்டும். "மெஷினை விட நீங்க பெரிய ஆளா மிஸ்?" என்று அக்கா போனில் கேட்டே விட்டாள். வாய் கொஞ்சம் நீளம்தான் அவளுக்கு.

மிஸ் பொறுமைசாலி. "சரிம்மா, திங்கக்கிழமை அவளுக்கு மட்டும் மறுபடி ஒரு டெஸ்ட் வைக்கிறேன். அந்த மெஷினையே கொண்டு வரட்டும். எந்தப் பட்டனை வேணாலும் அமுக்கட்டும். அதுலயும் தேறலைன்னா கணக்குப் பிரிவுல வச்சிருக்க முடியாது" என்றார்.

கணக்குப் பிரிவு போனால் எல்லாம் போச்சு. பதினாறு வயதாகியும் வீட்டில் வாண்டு என்றே பெயர் வாங்கிக்கொண்டிருக்கும் தங்கைக்குப் பாலம் கட்டும் இன்ஜினியர் ஆக வேண்டும். அம்மாவும் அப்பாவும் இல்லாத வீடு. வாண்டுவின் இந்த ஆசையைத்தான் அக்காவும் தங்கையுமாகப் பொத்திப் பொத்தி வளர்த்து வந்தார்கள். இதற்காகத்தான் அக்கா மேலே படிக்காமல் ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலைக்குப் போனாள். அதைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தது வினை.

"அக்கா, இது மக்கர் பண்ணுது."

"என்னடி பண்ணுது?"

"எக்ஸ் என்னன்னு கண்டுபிடிக்கச் சொன்னா என்னமோ திட்டுது."

வகுப்பில், எக்ஸைத் தானே கண்டுபிடித்துத் தரும் அந்தப் பொத்தானைத் தொட மிஸ் விடுவதில்லை. கணக்கைக் கையால் போட வேண்டும். ஒரு வரி எழுதியதும், முந்தைய வரியும் இதுவும் ஒன்றுதானா என்று மட்டும் மெஷினிடம் கேட்டுக்கொள்ளலாம். ஒன்று என்றால் 'சரி', இல்லையென்றால் 'தவறு'. மறுதேர்வில் தடையில்லை என்றதும் வாண்டு இன்றுதான் முதல் தடவையாக அதை அமுக்கியிருக்கிறாள்.

அக்கா அணைத்துப் போட்டாள். சார்ஜ் ஏற்றிப் பார்த்தாள். சமன்பாட்டை எழுத்து எழுத்தாக மறுபடி அடித்தாள். மெஷின் அசைந்து கொடுக்கவில்லை. இந்த இடத்தில் எழுத்து வேண்டும், எண் கூடாது என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

"எண்ணா? நாம எக்ஸ்தானே போட்டோம்?"

பரிசோதனைக் கூடத்தில் தினமும் காலையில் அக்கா செய்கிற முதல் வேலை ஒன்று உண்டு. நோயாளியின் ரத்தத்தை வைப்பதற்கு முன், சர்க்கரை எக்கச்சக்கமாக இருக்கிறது என்று முன்பே தெரிந்த ரத்த மாதிரி ஒன்றை மெஷினில் வைப்பாள். அதைப் பார்த்தும் மெஷின் 'நார்மல்' என்று சொன்னால் கோளாறு மெஷினில். இது அவளுக்குக் கைவந்த வேலை. வீட்டு மெஷினிடம் இதைச் செய்யலாம் என்று இத்தனை நாளும் தோன்றவே இல்லை.

தவறு என்று தெரிந்தே, எக்ஸும் எக்ஸ் கூட்டல் ஏழும் ஒன்றா என்று கேட்டாள். 'தவறு' என்றது. அப்பாடா என்று இருந்தது. அடுத்து, எக்ஸும் ஏழு எக்ஸும் ஒன்றா என்று கேட்டாள். 

'சரி' என்றது.

அக்கா வெறும் எக்ஸை மட்டும் அடித்தாள். திரையில் பூஜ்யம் வந்து நின்றது.

"முதல் பாடத்துல எக்ஸுக்குப் பூஜ்யம் போட்டு கிராஃப் பாக்கச் சொன்னாங்க. அப்போ போட்டு வச்சேன்" என்றாள் வாண்டு. "அணைச்சா அழிஞ்சிடும்னு நெனச்சேன்."

அழியவில்லை. அன்றிலிருந்து எக்ஸ் வந்த இடத்திலெல்லாம் மெஷின் பூஜ்யத்தைப் போட்டு, மிச்சமிருந்த எண்களை மட்டும் ஒப்பிட்டு, வாண்டு எழுதியதற்கெல்லாம் தலையாட்டி வந்திருக்கிறது. மிஸ் போட்ட சிவப்பு மை அத்தனையும் நியாயம். அக்கா போட்ட சண்டைதான் அநியாயம்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. விடிந்தால் தேர்வு. இப்போது போய், நீ இந்த வருஷம் சரி என்று நினைத்தது எதையும் நம்ப முடியாது என்று சொன்னால் பிள்ளை உடைந்து போவாள். சொல்லாவிட்டால் நாளைக்கும் இதே பொய்யை நம்பி எழுதிவிட்டு வருவாள். அக்கா சொல்லிவிட்டாள். பூஜ்யத்தை அழித்துவிட்டு, விடைத்தாளின் முதல் இரண்டு வரிகளும் ஒன்றா என்று அடித்து மெஷினை அவள் பக்கம் திருப்பினாள். 'தவறு' என்றிருந்தது.

வாண்டு அடுத்த வரியையும் தானே அடித்துப் பார்த்தாள். அதற்கும் 'தவறு'.

"அப்போ மிஸ் சொன்னதுதான் கரெக்டா?"

"ஆமாடி."

"அக்கா, நீ என் நோட்டை ஒரு தடவையாவது பிரிச்சுப் பாத்திருக்கியா?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. அவள் பார்த்ததே இல்லை. வேலை முடிந்து அலுத்துக் களைத்து வந்து, "மெஷின்ல போட்டுப் பாத்தியா? சரின்னு வந்துச்சா? அப்புறம் என்ன" என்று கேட்டுவிட்டுக் காலை நீட்டிப் படுத்துவிடுவாள். ஊட்டி வளர்த்தாள், துணி வாங்கித் தந்தாள், மிஸ்ஸிடம் மல்லுக்கு நின்றாள். நோட்டைப் பார்க்க மட்டும் நேரம் இருந்ததில்லை.

"இல்லடி. பாத்ததில்ல. என் தப்புதான்."

"நீயும் எல்லாத்துக்கும் சரின்னுதானேக்கா சொன்ன."

அதில் கோபம்கூட இல்லை. அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. கால்குலேட்டரை அணைத்து ஓரமாக வைத்தாள். நோட்டை இழுத்துப் பிரித்தாள். அல்ஜீப்ராவைத் தொட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. முதல் வரியில் எக்ஸ் கூட்டல் இரண்டு, மொத்தத்துக்கும் வர்க்கம். வாண்டு அதை எக்ஸ் வர்க்கம் கூட்டல் நாலு என்று எழுதியிருந்தாள். அக்கா அடைப்புக்குறியை இரண்டு தடவை எழுதி, ஒவ்வொன்றாகப் பெருக்கி, விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தாள். நடுவில் நாலு எக்ஸ் வந்தது. நோட்டில் அது இல்லை.

"தப்பு" என்றாள்.

அடுத்த கணக்கிலும் நடு உறுப்பைக் காணோம். அதையும் முழுசாகப் பெருக்கிப் பார்த்துவிட்டு, "இதுவும் தப்பு" என்றாள். தங்கையின் முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

வாண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். மூன்றாவது கணக்கில், எக்ஸ் கூட்டல் ஐந்தின் வர்க்கத்துக்கு, அக்கா அடைப்புக்குறியை எழுத ஆரம்பித்ததும் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இரு, இதுவும் தப்பு" என்றாள். "நடுவுல பத்து எக்ஸ் வரணும்."