மணி அடித்த பிறகும் கேட்ட குரல்

அந்த மலைக் கிராமச் சபையில் எல்லாரும் ஒரே நேரத்தில் வாய்விட்டுத்தான் ஜெபிப்பார்கள். போதகர் அப்தியாஸ் மேஜை மேலிருக்கும் சின்ன மணியை அடிக்கும்வரை தகரக் கூரை அதிரும். பக்கத்தில் முழங்காலிட்டிருப்பவள் என்ன சொல்கிறாள் என்று யாருக்கும் கேட்காது. ஒதிலியாவுக்கு அந்த இரைச்சல்தான் கதவடைத்த அறை.

சபையில் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குச் சீஷத்துவ வகுப்பு நடத்துகிறவள் அவள். கணவன் ஃபெர்மின் வடக்கே அமெரிக்காவுக்கு வேலைக்குப் போயிருப்பதாகச் சொல்லியிருந்தாள். காப்பி அறுவடைக்கு முன்பே அவன் போனது மெய். போன இடம்தான் பொய். மலைக்குக் கீழே, கடலோர ஊரில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தான். சபையோ, எல்லை தாண்டும் வழியிலுள்ள பாலைவனத்திலிருந்தும் எல்லைக் காவலிலிருந்தும் அவனைக் காக்கும்படி வாராவாரம் ஆண்டவரைக் கெஞ்சிக்கொண்டிருந்தது. உண்மை தெரிந்தால் வகுப்பு போய்விடும். வகுப்பும் போனால் தனக்கு என்ன மிஞ்சும் என்று ஒதிலியாவுக்குத் தெரியவில்லை.

அன்று சனிக்கிழமை, உபவாச ஜெபம். மறுநாள் அவள் எடுக்க வேண்டிய பாடம் கிறிஸ்தவக் குடும்பத்தைப் பற்றியது. வீட்டில் மகள்கள் பார்ப்பார்கள் என்று அடக்கி வைத்திருந்ததெல்லாம் இரைச்சல் ஏற ஏற உடைத்துக்கொண்டு வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினாள். மணி அடித்தது. அது அவள் காதில் விழவில்லை.

"ஃபெர்மின் வடக்க போகல ஆண்டவரே! இன்னொருத்தி வீட்ல இருக்கான்! நான் சொன்னதெல்லாம் பொய்யி! நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பாடம் எடுப்பேன்?"

தன் குரல் மட்டும் தனியாகக் கூரையில் மோதித் திரும்புவதைக் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தாள். சபை முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

மாதர் சங்கத் தலைவி நிக்கோலாசா முட்டிகள் சொடுக்கிட எழுந்து வந்தாள். அவள் நாக்குக்குப் போதகரே பயப்படுவார்.

"முடிச்சிட்டியா, இன்னும் பாக்கி இருக்கா?"

ஒதிலியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்களுக்கு எப்பவோ தெரியும்டி. எங்க அக்கா மகன் அவனக் கீழ சந்தையில பாத்துட்டு வந்து சொன்னான். செருப்பு விக்கிறானாம். இல்லாத பாலைவனத்துல அவனுக்குத் தண்ணி கேட்டுக் கேட்டு என் தொண்ட வறண்டதுதான் மிச்சம்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பெஞ்சு பெஞ்சாகப் பரவியது. ஒதிலியாவும் மூக்கைத் துடைத்தபடியே சிரித்துவிட்டாள்.

"தெரிஞ்சும் ஏன்க்கா ஒரு வார்த்த கேக்கல?"

"எங்க கேக்க விட்ட? இஸ்திரி போட்ட துணி கணக்கா நிப்ப. தொட்டாக் கசங்கிருவியோன்னு பயம்." சொல்லிவிட்டு நிக்கோலாசா அவளைக் கட்டிக்கொண்டாள். அழுத்தமான, அடுப்புப்புகை மணக்கும் அணைப்பு.

தவறு செய்தவர்கள் கொஞ்ச காலம் ஊழியம் ஏதும் செய்யாமல் கடைசி பெஞ்சில் உட்காருவது அங்கே முறை. ஒதிலியாவே போதகரிடம் கேட்டாள்.

"பின்னாடி போயிரட்டுமா, பாஸ்டர்?"

"போம்மா. ஆனா பொய் சொன்னதுக்குத்தான். புருஷன் போனதுக்கு இல்ல, அத மனசுல வச்சுக்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வகுப்ப இப்போதைக்கு நிக்கோலாசா பாத்துக்கட்டும்."

எதை இழந்துவிடக் கூடாதென்று அத்தனை நாள் பயந்தாளோ அது போய்விட்டது. அன்று வீடு திரும்பியதும் மகள்களை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு அவர்களோடு வயிறார பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் ஒதிலியா தனியாக உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் ஒருநாளும் வாய் திறக்காத யெசேனியா தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"அக்கா, இங்க உக்காரலாமா? என் வீட்லயும் ஒண்ணு... யார்கிட்டயும் சொன்னதில்ல. இதுக்கு வேதத்துல என்ன சொல்லியிருக்குன்னு..."

முன்பென்றால் ஒதிலியா வசனத்தைத் தேடிப் பக்கம் புரட்டியிருப்பாள்.

"வேதத்த அப்புறம் பாக்கலாம்டி," என்று நகர்ந்து இடம் விட்டாள். "மொதல்ல நீ சொல்லு, கேக்குறேன்."