வலை கட்டாத புழு

ஜூன் மாதத்தில் மேப்பிள் தோப்பு மொட்டையாக நின்றால் எந்தத் தாய்க்குத்தான் தூக்கம் வரும்? சனிக்கிழமை அந்த மரங்களுக்கு அடியில்தான் என் மகள் கோரினுக்குக் கல்யாணம். முடிந்த கையோடு தோப்பும் மேப்பிள் சாற்றைப் பாகாகக் காய்ச்சும் கொட்டகையும் அவளுக்கும் மாப்பிள்ளைக்கும். அதை வைத்துத்தான் அவர்கள் பிழைக்க வேண்டும். போன வருஷமும் புழு இலையைத் தின்றது, இந்த வருஷமும் தின்றது. மூன்றாவது வருஷமும் தின்றால் மரம் தாங்காது.

என் வீட்டுக்காரர் ரோசேருக்குப் புழு என்றால் வலை. மே மாதம் முழுக்க வேலியோரக் காட்டுச் செர்ரி மரங்களில், கிளைக் கவட்டைகளில் இருந்த வெள்ளை வலைகளைக் கழியில் சுற்றிச் சுற்றி எடுத்துச் சோப்புத் தண்ணீரில் முக்கினார். ஊரெல்லாம் பெருமை வேறு. மேப்பிளைத் தின்றதோ இன்னொரு புழு. அது வலைவீடு கட்டாது. அடிமரத்தில் மெல்லிய நூல்பாய் விரித்து, அதன்மேல் கும்பலாக ஒட்டிக்கிடக்கும். முதுகில் சாவித் துவாரம் போல வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். வன அதிகாரி மார்லிஸ் வந்து காட்டியபோது அவை விரல் நீளம் வளர்ந்திருந்தன. சின்னதாக இருக்கும்போது மருந்து தெளித்திருக்கலாம், இனி வீண் என்றாள். அடுத்த வசந்தத்தில் மரத்தில் துளை போட்டுச் சாறு இறக்காதீர்கள், ஓய்வெடுக்கட்டும் என்றும் சொன்னாள். ரோசேர் அன்று சாப்பிடவில்லை. நான் ஆறுதலும் சொல்லவில்லை, அவ்வளவு எரிச்சல் எனக்கு.

புழுக்கள் கூடு கட்டிக்கொண்டன. பின்னாலேயே ஈக்கள் வந்தன. பெரிய, சாம்பல் நிற ஈக்கள். கடிக்காது. ஆனால் முகத்தில், காயும் துணியில், காப்பிக் கோப்பையில் எல்லாம் உட்காரும். விரட்டினால் திரும்பி வந்து அதே இடத்தில் உட்காரும். குட்டி போட்ட பூனையாக நான் அடுக்களைக்கும் தோப்புக்கும் அலைந்தேன். கடைசியில் மார்லிஸைக் கூப்பிட்டு, இதற்காவது மருந்து சொல் என்றேன்.

அவள் ஒரு கூட்டை நகத்தால் கிழித்தாள். உள்ளே கம்பளிப்பூச்சி வெறும் தோலாகக் கிடந்தது. பக்கத்தில் கொழுத்த வெள்ளைப் புழு ஒன்று நெளிந்தது.

"இது ஈயோட குஞ்சு. உள்ள போய்த் தின்னு தீர்த்திடும். ஈயைக் கொன்னீங்கன்னா அடுத்த வருஷமும் மரம் மொட்டைதான்."

கோரினும் கூடவே நின்று பார்த்தாள். என் புத்தி ஒத்துக்கொண்டது, மனசு ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளைக் கவுன், கேக், அதன்மேல் ஈ.

சனிக்கிழமை காலை ரோசேர் ஐஸ் வாங்கப் போயிருந்தார். முற்றத்தில் மருந்து தெளிக்கும் வண்டி வந்து நின்றது. பாஸ்டன்காரி சம்பந்தியம்மா லெனோர், கல்யாணப் பரிசாக வரவழைத்தாளாம். புதுத் தொப்பியோடு விசிறிக்கொண்டு நின்றாள். வண்டிக்காரன் குழாயை இழுத்துக்கொண்டே, ஆரம்பிக்கவா என்று என்னைப் பார்த்தான்.

நான் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். ஈயும் ஒழியும், பழியும் அவளுக்குப் போகும். ஒரு நிமிஷம் அப்படித்தான் நின்றேன். பிறகு ஏனோ தலையைத் தூக்கிப் பார்த்தேன். மொட்டைக் கிளை நுனிகளில் நகக்கண் அளவு சிவப்புத் துளிர்கள். சேர்த்து வைத்திருந்த தெம்பையெல்லாம் மரம் செலவழித்துக்கொண்டிருந்தது.

"குழாயைச் சுருட்டுப்பா," என்றேன்.

லெனோருக்கு முகம் சிவந்தது. "ஏங்க, ஈ மொய்க்கிற எடத்துலயா என் பையனுக்குக் கல்யாணம்?"

"ஆமாங்க. அவன் பொழைக்கப்போற எடம் இதுதான்."

அவள் விசிறியைப் படக்கென்று மடக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

கல்யாணத்தில் பாதிரியார் புத்தகத்தில் ஈ, பிடில்காரர் மூக்கில் ஈ. கோரின் வாக்குக் கொடுக்கும்போது ஒன்று அவள் உதட்டோரத்தில் உட்கார்ந்தது. அவள் தட்டவில்லை, சொல்ல வேண்டியதை நிதானமாகச் சொல்லி முடித்தாள். அதற்குள் இன்னும் இரண்டு அவள் தோளில் இறங்கின. லெனோர் பொறுக்க முடியாமல் விசிறியை ஓங்கினாள். கோரின் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிக்காதீங்க அத்தை. இவங்க பொண்ணு வீட்டுக்காரங்க."

மே மாதத்துக்குப் பிறகு ரோசேர் அப்போதுதான் சிரித்தார்.