ஆசிரியை இறந்ததற்கு மூன்று சான்றுகள்

"இணையத்தில் ஒரே இடத்தில் படித்துவிட்டு எதையும் நம்பாதீர்கள், மூன்று இடங்களில் பாருங்கள்" என்று ஆண்டு முழுவதும் தொண்டை வற்றச் சொல்லிக்கொடுத்த நூலக ஆசிரியை, திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்தபோது கரும்பலகையில் அவருக்கே அஞ்சலி எழுதியிருந்தது.

"மூணு தளத்துல போட்டிருக்கு டீச்சர். நேத்தே இறந்துட்டீங்க," என்றாள் வகுப்புத் தலைவி. "பத்து மணிக்குப் புது டீச்சர் வர்றாங்க."

"அடிப்பாவி, குத்துக்கல்லாட்டம் முன்னாடி நிக்கிறேனே!"

"உங்களைப் பத்தி நீங்களே சொன்னா அது ஆதாரமா டீச்சர்? நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க!"

ஆசிரியை மூன்று பக்கங்களையும் திறக்கச் சொன்னார். இரண்டு பக்கங்கள், முதலாவதை வரி மாறாமல் பார்த்து எழுதியவை.

"அப்போ மூணும் ஒண்ணுதான்," என்றாள் தலைவி. "உங்க பேச்சும் ஒண்ணு. சரிக்குச் சமம்."

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கேண்டீன்காரர் கதவருகே தலையை நீட்டினார். "டீச்சர், காலையில டீ குடிச்ச கிளாஸ் எங்க? தினமும் உங்களோட இதே ரோதனை!"

வகுப்பு கூடிக் கிசுகிசுத்தது.

"நேர்ல பார்த்தவர். பொய் சொல்லி இவருக்கு ஆகப்போறது ஒண்ணுமில்ல. நம்பலாம்," என்று தீர்ப்பளித்துவிட்டுத் தலைவி அஞ்சலியை அழித்தாள்.

ஆசிரியைக்குப் பெருமையில் கண் கலங்கியது. கிளாஸை எங்கே வைத்தார் என்பதுதான் நினைவுக்கு வரவில்லை.