கடல் பூசை செய்யும் வேளை

அமாவாசையன்று கடல் வெகுதூரம் உள்வாங்கும். அப்போதுதான் தரியா மகாதேவர் என்னும் கடல் சிவனின் கோயில் முழுதாக வெளியே வரும். சேற்றுவெளியின் நடுவே ஒரு கருங்கல் மேடை, அதன்மேல் நாலாபுறமும் திறந்த மண்டபம், உள்ளே லிங்கம், கூரைமேல் கொடிக்கம்பம். மற்ற நேரங்களில் கரையில் நின்று பார்த்தால் தண்ணீருக்கு மேலே கொடிக்கம்பம் மட்டும் ஒற்றையாக நின்றுகொண்டிருக்கும். எந்த ராஜா கட்டினான், ஏன் இப்படிக் கடலுக்குள் கொண்டுபோய்க் கட்டினான் என்று யாருக்கும் தெரியாது.

கோயிலைப் பற்றிக் கதைகளுக்குக் குறைவில்லை. கரையிலிருந்த வீடுகளின் கூரையையெல்லாம் பிய்த்துப்போன புயலிலும் அந்தக் கம்பம் சாயவில்லை. ஒவ்வொரு முறையும் கடல் வடிந்து பூசாரி பாவாஜி உள்ளே போகும்போது லிங்கத்தின்மேல் பச்சை மாறாத வில்வ இலை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். சுற்றிலும் உப்பளம், வில்வ மரத்துக்கு எங்கே போவது? ஆனால் கருவாடு காயப்போடும் பெண்கள் குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொள்ளும் கதை வேறு. கடலில் போய் உடல் கிடைக்காதவர்கள், கோயில் மூழ்கிய பிறகு அங்கே வந்து கூடுவார்களாம். மணியடித்துப் பூசை செய்வார்களாம். உயிரோடிருப்பவர்கள் அந்த வேளையில் அங்கே இருக்கக் கூடாது.

ஜீவிக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. அதுவும் ரூடியின் காதில் விழும்படி யாராவது பேசினால் சண்டைக்கே போய்விடுவாள். ரூடி அவள் ஓரகத்தி. ரூடியின் புருஷன், ஜீவியின் கொழுந்தன் கர்சன் போன மழைக்காலத்தில் படகு உடைந்து கடலோடு போய்விட்டான். கூடப் போனவர்களின் உடல்கள் கரை ஒதுங்கின. அவனுடையது ஒதுங்கவில்லை. "வளையலை உடைச்சிரும்மா" என்று உறவுக்காரர்கள் வந்து வந்து சொன்னபோதெல்லாம் ரூடி ஒரே பதிலைத்தான் சொன்னாள். "அவரு உடம்பைக் காட்டுங்க. அப்புறம் உடைக்கிறேன்."

மழை ஓயும் பாதர்வா மாதத்து அமாவாசைக்குக் கூட்டம் அதிகம். ஜீவியும் ரூடியும் மற்றப் பெண்களோடு சேற்றில் கால் புதையப் புதைய நடந்துபோய்க் கும்பிட்டார்கள். உச்சி சாய்ந்ததும் பாவாஜி சங்கு ஊதினார். சங்கு ஊதினால் ஒருவர்கூட அங்கே நிற்கக் கூடாது. கூட்டம் அவசர அவசரமாகக் கரைக்குத் திரும்பியது. நெரிசலில் ரூடி முன்னால் போயிருப்பாள் என்றுதான் ஜீவி நினைத்தாள்.

கரையேறிப் பார்த்தால் அவளைக் காணோம்.

"ரூடியைப் பாத்தியா?" என்று பக்கத்து வீட்டுப் புரியைக் கேட்டாள்.

"உன்கூடத்தானே இருந்தா? மேடைக்குப் பின்பக்கம் போனா. கால் கழுவப் போறாளாக்கும்னு நினைச்சேன்."

ஜீவி கடல் பக்கம் திரும்பினாள். கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். தூரத்தில், யாருமில்லாத மண்டபத்தில், தூணோடு ஒட்டிச் சிவப்பாக ஏதோ அசைந்தது. ரூடியின் முக்காட்டுத் துணி.

"எங்க வீட்டுக்காரரைப் படகு எடுத்துட்டு வரச் சொல்லுங்க!" என்று கத்திவிட்டு அவள் ஓடினாள். "போகாதேம்மா! கடல் திரும்பிருச்சு!" என்று பாவாஜி பின்னாலேயே கூவினார். அவளும் அதைப் பார்த்துவிட்டாள். அடிவானத்தில் வெள்ளையாக ஒரு கோடு. அந்தக் கடலில் தண்ணீர் மெல்ல ஏறுவதில்லை, மாட்டு மந்தை மாதிரி பாய்ந்து வரும்.

ரூடி லிங்கத்துக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. முக்காடு விலகியிருந்தது; உள்ளே கல்யாணத்துக்குப் புறப்பட்டவள் மாதிரி தலையை வாரிப் பொட்டு வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் ஜீவிக்குப் பயம் இன்னும் கூடியது.

"எந்திரிடி கழுதை! சாகவா வந்தே?"

"சாக வரலக்கா. அவரைப் பாக்க வந்தேன். நீ போ."

"அவன் இங்க எங்கடி இருக்கான்? கருவாட்டுக்காரிங்க கதை கட்டினா அதை நம்பிக்கிட்டு வந்து உக்காருவியா?"

"கதைதானே? அப்ப நீ ஏன் நடுங்குறே?"

ஜீவி அவள் முடியைப் பிடித்து வெளியே இழுத்தாள். இழுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கரைக்கும் கோயிலுக்கும் நடுவிலுள்ள ஓடையில் தண்ணீர் முதலிலேயே புகுந்து நிரம்பிவிட்டிருந்தது. வந்த வழி இல்லை. கடல் பக்கம் திரும்பினால் இரைச்சலோடு நுரை பாய்ந்து வந்துகொண்டிருந்தது.

சிதைந்த தூணில் காலை வைத்து இருவரும் மண்டபத்தின் கூரைமேல் ஏறினார்கள். ரூடியை மேலே தள்ளும்போது ஜீவியின் கை வழுக்கி முழங்கை கிழிந்தது. அலை வந்து மேடையில் மோதியதில் கல்லே அதிர்ந்தது. ஜீவி தன் முக்காட்டுத் துணியை உருவி, கொடிக்கம்பத்தைச் சுற்றி, இருவர் இடுப்பையும் சேர்த்து இறுக்கிக் கட்டினாள். பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

தூண்கள் மறைந்தன. கூரை விளிம்பு மறைந்தது. பாதம் நனைந்தது, முழங்கால் நனைந்தது, இடுப்பு வரை ஏறியது. கரையில் ஆட்கள் எறும்புகள்போலத் தெரிந்தார்கள். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் பழுப்புத் தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை.

அலை கோயிலைத் தாண்டிப் போனதும் இரைச்சல் அடங்கியது. காற்றுகூட நின்றுவிட்டது போலிருந்தது.

அப்போது ஜீவிக்கு மணிச்சத்தம் கேட்டது.

தரியா மகாதேவர் கோயிலில் மணி கிடையாது. உப்பு அரித்துவிடும் என்று பாவாஜி கைமணியைக் கொண்டுபோய்க் கையோடு கொண்டுவந்துவிடுவார். ஆனால் மணி அடித்தது. அவள் நின்றிருந்த கல்லுக்குக் கீழே, அவள் உள்ளங்கால் வழியாக ஏறி வந்தது அந்தச் சத்தம். நிதானமாக, ஆரத்திக்கு அடிப்பதுபோல.

பிறகு ஒரு குரல்.

"ஜீவி பாபி..."

அண்ணியை 'பாபி' என்று கடைசி எழுத்தை இழுத்துக் கூப்பிடும் அதே இழுப்பு. கர்சன் ஒருவன்தான் அவளை அப்படிக் கூப்பிடுவான்.

"பாபி... தாகமா இருக்கு பாபி. குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு."

கீழே இன்னொரு குரல், அவள் அறியாத குரல், அதையே சொன்னது. பிறகு வேறொன்று. கிழவர் குரல், இளவட்டத்தின் குரல், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக, அதைத் தவிர வேறு சொல்லே இல்லாமல். தாகமா இருக்கு. தாகமா இருக்கு. அவள் கணுக்காலை ஏதோ பிடித்தது. பாசி சுற்றுவது எப்படி இருக்கும் என்று கடற்கரையில் பிறந்தவளுக்குத் தெரியாதா? இது சுற்றவில்லை. அம்மாவின் சேலையைப் பிள்ளை இழுப்பதுபோல மெல்ல இழுத்தது, பதிலுக்குக் காத்திருந்தது, மறுபடி இழுத்தது.

"அக்கா!" ரூடி அவள் தோளை உலுக்கினாள். "உன் முகம் ஏன் இப்படிப் போச்சு? என்ன கேட்டுச்சு?"

ஜீவி அவளைப் பார்த்தாள். இவளுக்குக் கேட்கவில்லை. யாருக்காகப் பொட்டு வைத்து வந்து உட்கார்ந்தாளோ அவன் குரல் இவளுக்குக் கேட்கவே இல்லை. இப்போது ஒரு சொல் சொன்னால் போதும், முடிச்சை அவிழ்த்துக்கொண்டு இறங்கிவிடுவாள்.

"ஒண்ணுமில்ல."

"மணி அடிச்சுதா?"

"அலைடி. அலை தூண்ல மோதுது."

"அவரு பேசினாரா? சத்தியமா சொல்லு."

"ஒண்ணும் கேக்கலன்னு சொல்றேன்ல!" ஜீவி கத்தினாள். கீழே கேட்பது மேலே கேட்காதபடி கத்தினாள். "உன் புருஷன் செத்துட்டான்! செத்தவன் பேசுவானா? மகாதேவா, மகாதேவா, மகாதேவா..."

ரூடியின் கை முடிச்சின் பக்கம் போனது. ஜீவி அவள் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். பிறகு அவளைத் தன்னோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் அவள் காதுகளைப் பொத்தினாள். தன் காதைப் பொத்த அவளுக்குக் கை இல்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே நின்றாள்.

ஜீவியின் புருஷன் மேக்ஜி, நீரோட்டத்தின் வேகம் தணிந்த பிறகுதான் படகைக் கிட்டே கொண்டுவர முடிந்தது. கயிற்றை வீசி, ரூடியை முதலில் தூக்கினான். ஜீவியைத் தூக்கும்போது அவள் கால்கள் கல்லோடு பதிந்தவைபோல நகர மறுத்தன. இரண்டு பேர் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது.

"மகாதேவர் தலைமேல ஏறி நின்ன பொம்பளைங்க உலகத்துலயே நீங்க ரெண்டு பேருதான்" என்றான் மேக்ஜி. சிரிக்கப் பார்த்தான், வாய் கோணி அழுதுவிட்டான். "ஏதாவது பேசுடி."

ஜீவி படகின் மூலையிலிருந்த குடிதண்ணீர்க் கேனைப் பார்த்தபடியே கரை வரை வந்தாள். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

மறுநாள் காலையில் ரூடி தானே போய் வாசற்கல்லில் வளையல்களை உடைத்தாள். "அவரு அங்க இல்லக்கா" என்றாள். "இருந்திருந்தா என்னைக் கூப்பிட்டிருப்பாரு. வேற யாரைக் கூப்பிடப் போறாரு?" காரியங்களெல்லாம் முறைப்படி நடந்தன. இரண்டு வருடம் கழித்து உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒருவனுக்கு அவளை மறுபடி கட்டிக்கொடுத்தார்கள். நல்லவன். பெண் குழந்தை பிறந்தது. ஊருக்கு வரும்போதெல்லாம் ரூடி ஒருமுறையாவது கேட்பாள்: "அக்கா, அன்னைக்கு நெசமாவே உனக்கு ஒண்ணும் கேக்கலதானே?" "இல்லடி" என்பாள் ஜீவி. குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொள்வாள்.

அவள் அப்புறம் கோயிலுக்குப் போகவில்லை. மேக்ஜியின் படகில் மட்டும் தேவைக்கு மேல் தண்ணீர் ஏற்றுவாள். "நாளைக்குத் திரும்பிடுவோம்டி, இத்தனை கேன் எதுக்கு? மீனை எங்க போடுறது?" என்று அவன் திட்டுவான். அவள் காதில் வாங்காமல் இன்னொன்றையும் நகர்த்தி வைப்பாள்.

கடலிலிருந்து திரும்பி வரும் நாட்களில் மேக்ஜி வாசலில் நின்றே குரல் கொடுப்பான்: "ஜீவி, தாகமா இருக்கு, தண்ணி கொண்டா."

உள்ளே செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அசையாமல் நிற்பாள்.

"மொதல்ல வேற ஏதாவது பேசுங்க" என்பாள். "எதையாவது பேசுங்க. அப்புறம் தர்றேன்."