வெல்டிங் ஹெல்மெட் பெற்ற பருந்து

“அண்ணே, அந்தா பறக்குத பருந்துக்கு நாந்தான் அம்மா. இன்னுங் கொஞ்ச நாள்ல அதே பருந்து என்னையக் கண்டா வல்லக்கோட்டை தாண்டி ஓடும், பாருங்க!”

வெல்டிங் ஷெட் சூப்பர்வைசர் ரகுபதிக்குப் புரையேறியது. வாயிலிருந்த டீயில் பாதி சட்டைக்குப் போனது.

“இன்னாம்மா பேச்சி, ஓவர்டைம் பாத்து மூள சூடாயிடுச்சா? கேண்டீன் பிரியாணி எலும்புக்கு வர்ற பருந்து அது.”

பேச்சி விடவில்லை. பென்னலூரில் மனை போட மரத்தைச் சாய்த்தபோது கூட்டோடு விழுந்த குஞ்சு அது. வனத்துறை மேற்பார்வையில் நடக்கும் பறவை மீட்பு நிலையத்துக்கு வந்தபோது உடம்பு எலுமிச்சம்பழம், வாய் மட்டும் கண்டெய்னர் லாரி. “மனுஷ முகத்தையே அது பாக்கக்கூடாது. பழகிட்டா ஆயுசுக்கும் கூண்டுதான்” என்று நிலையத்து டாக்டர் லீலா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஷிப்ட் முடிந்து அங்கே உதவிக்குப் போகும் பேச்சி, முகத்தை மறைக்க வெல்டிங் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டுதான் இறைச்சி ஊட்டினாள். அத்தனை பேரும் மெச்சினார்கள்.

வினை அங்கேதான். அன்று காலைதான் திறந்துவிட்ட பருந்து நேராக வல்லம் வடகால் ஷெட்டுக்கே வந்திருந்தது; கீழே இறங்கி, ஹெல்மெட் போட்ட ஒவ்வொருத்தர் முன்னாலும் வாயைப் பிளந்து கத்தியது. தீப்பொறியில் இறகு நுனி கருகியது. பேச்சி ஹெல்மெட்டோடு கூப்பிட்டதும் சமர்த்தாகக் கையில் வந்து உட்கார்ந்தது.

“கடைசி வாய்ப்பு. ஹெல்மெட்டைப் பாத்தாலே அது பயந்து ஓடணும், இல்லேன்னா கூண்டுதான்” என்றார் லீலா.

அன்றிலிருந்து பேச்சி ராட்சசியானாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கூண்டுக்குள் போவாள். ஊரே எழுந்து உட்காரும்படி தகரத்தைத் தட்டுவாள், ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடிப்பாள். உயிருள்ள எலியைத் திரைக்குப் பின்னாலிருந்து குழாய் வழியே விடுவாள். முதல் நாள் நனைந்த இறகோடு அது அவளைப் பார்த்து வாயைத் திறந்தே நின்றது. ஹெல்மெட்டுக்குள் அழுதால் கண்ணாடி மங்கும் என்று பேச்சிக்கு அன்றுதான் தெரிந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி தட்டினாள்.

இறகு முளைத்ததும் ஏரிக்கரையில் விட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்த ரகுபதி சும்மா இருப்பாரா? ஹெல்மெட்டை மாட்டி, கோழிக்காலை ஆட்டினார்.

“வா கண்ணு, பிரியாணி பீஸு!”

பருந்து ஒரே ஒரு முறை பார்த்தது. அலறிக்கொண்டு மேலே ஏறியது, மேகத்தில் ஓட்டை விழும் வேகத்தில். அக்கரை வயலில் சரிந்து, எலியோடு எழும்பி, வடக்கே போய் மறைந்தது.

லீலா பேச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ரகுபதி மெல்ல ஹெல்மெட்டைக் கழற்றினார். “அம்மான்னு வந்ததும் நெஜம், பயந்து ஓடுனதும் நெஜம்மா. என் கண்ணால பாத்தேன்.”